துல்கர்னைனுக்கு நான் சொன்ன ஆட்டங்கள்

குற்றாலத்தில் ஏப்ரல் மாதம் லாட்ஜ் மேனேஜராக இருப்பது சுலபமான வேலை. ஒருவரும் வரமாட்டார்கள். அருவிப் பாறை காய்ந்து கிடக்கும், குரங்குகள்கூட தீனி தேடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடும். முப்பத்தாறு அறைச் சாவியும் பலகையில் தொங்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணுனிய? எனக்கு எழுதிக் குடுங்க" என்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டாய், சமீனா. நீ கத்தவில்லை. உன் அத்தா துல்கர்னைன் பாயைப் போலவே உனக்கும் குரல் உயராது. கேட்டது நியாயமான கேள்விதான், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போலீஸில் கொடுப்பதானாலும் கொடு, கையெழுத்து போட்டுத்தான் தருகிறேன்.

உன் அத்தா எனக்குப் பழக்கமானது ஒரு ஸ்நூக்கர் மேஜையால். கொச்சியில் ஏதோ கிளப்பை மூடினார்கள் என்று முதலாளி அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கீழ் ஹாலில் போட்டார். குற்றாலத்துக்கு வருகிறவன் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறான், அவனுக்கு எதற்கு ஸ்நூக்கர்? ஒரே சீசனில் சாரல் ஈரம் ஏறிப் பச்சைத் துணி உப்பிவிட்டது. ஷார்ஜாவில் ஸ்நூக்கர் ஹாலில் பத்தொன்பது வருடம் பந்து அடுக்கி, துணி மாற்றி வேலை பார்த்தவர் தென்காசியில் இருக்கிறார் என்று சொல்லி அவரைக் கூட்டிவந்தார்கள். துல்கர்னைன் பாய் மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது செத்துப்போச்சு. தார்ப்பாயப் போட்டு மூடிரும்" என்றார். பிறகு டீ குடித்தோம். அப்போதும் ஏப்ரல்தான். "உம்ம டிவில ஸ்போர்ட்ஸ் சேனல் வருதா?" என்று கேட்டார்.

இங்கிலாந்தில் நடக்கும் அந்தப் பெரிய போட்டி பதினேழு நாள். நம் நேரத்துக்கு மத்தியானம் இரண்டரைக்கு ஒரு ஆட்டம், சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்று. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சிவப்புப் பந்தை மேஜையோரப் பையில் விழத்தட்டினால் ஒரு பாயிண்ட், கறுப்புக்கு ஏழு என்று அவர்தான் சொன்னார். மறு ஏப்ரலிலிருந்து வருடா வருடம் போட்டி முடியும்வரை லாட்ஜிலேயே தங்குவார். உன் அம்மா பாத்திமுத்து காலமாகி, நீயும் கல்யாணமாகி தோஹா போய்விட்ட சமயம் அது. போட்டி முடிந்த மூன்றாம் வாரம் சாரல் ஆரம்பிக்கும், எனக்கு நிற்க நேரம் இருக்காது. வருகிறவர்கள் என்னிடம் வெந்நீர் கேட்பார்கள், சாவி கேட்பார்கள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதில் கதை ஒன்றும் கிடையாது. வருடத்தில் அந்தப் பதினேழு நாள்தான் நான் வாய் வலிக்கப் பேசுவேன்.

ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது, நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒரு இடதுகைக்காரன், நெட்டைக் கழுத்து, எங்கள் லாட்ஜுக்கு ஒயரிங் பார்க்கும் தாணுவின் அதே முகம். அவனைத் தாணு என்றே அழைத்தோம். "ஏலே தாணு, அவசரப்படாதலே" என்று உன் அத்தா டிவியைப் பார்த்துச் சொல்வார். ஒருநாள் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த நிஜத் தாணு ஏணியிலிருந்து திரும்பி, "நான் மெதுவாத்தான செய்யுதேன்" என்றான். அன்று முழுக்கச் சிரித்தோம்.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குனிந்து அடிக்கும்போது ஆட்டக்காரனின் சட்டை நுனி ஏதாவது பந்தில் பட்டுவிடும். நடுவர் பார்த்திருக்க மாட்டார், எதிராளியும் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அவனே நிமிர்ந்து, கையைத் தூக்கி, பட்டுவிட்டது என்று சொல்லிவிடுவான். எதிராளிக்கு நாலு பாயிண்ட் போகும். "இதுக்காகத்தான் அண்ணாச்சி நான் இந்த எழவ பாக்குதேன்" என்பார் உன் அத்தா.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நீ அவருக்கு ஒரு பெரிய போன் வாங்கி அனுப்பினாய். அந்த ஏப்ரலில் அவர் வரவில்லை. நாற்காலியைப் போட்டு வைத்திருந்தேன். கூப்பிடலாமா என்று தோன்றியது, வர விருப்பமிருந்தால் வருவார் என்று விட்டுவிட்டேன். தனியாகவே பதினேழு நாளும் பார்த்தேன். தாணு ஒரே மூச்சில் நூறைத் தாண்டி அடித்தான், "பாத்தீரா பாய்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுந்து போய் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். அப்புறம் தென்காசி மார்க்கெட்டில் பார்த்தபோது, "போன்லயே எல்லாம் வருது அண்ணாச்சி, படுத்துக்கிட்டே பாத்தேன்" என்றார். நல்லது என்று சொன்னேன்.

அடுத்த ஏப்ரலில் அவராகவே வந்தார். போனில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, என் டிவி பெரிது என்றார். முதல் நாளே, "செவப்பு பக்கத்துல கெடக்கு, ஏன் அத விட்டுட்டு அங்க போறான்?" என்று கேட்டார். அது சிவப்பு இல்லை, பிரவுன் பந்து. ஐந்தாம் நாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீரு சொல்லும் அண்ணாச்சி. நான் கேட்டுக்கிடுதேன்."

நான் சொன்னேன். வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது, எவன் நெற்றியைத் துடைக்கிறான், எந்தப் பை அடைபட்டிருக்கிறது, எல்லாம் சொன்னேன். எனக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார், பந்து விழுந்தால் தொடையில் தட்டுவார். அறுபது வருடத்தில் என் குரலை ஒரு மனிதர் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சமீனா.

அந்த வருடம் தாணு காலிறுதியில் தோற்றான். அதை நான் சொல்லவில்லை. நெட்டிலிருந்து அவனுடைய பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துச் சத்தத்துக்கு ஓடவிட்டு, ஜெயித்ததாகச் சொன்னேன். அப்படியே ஃபைனல்வரை கொண்டுபோய்க் கோப்பையும் வாங்கிக் கொடுத்தேன். உன் அத்தா கண் கலங்கிவிட்டார். முதலில் நான் செய்தது இதுதான், இதில் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

அந்த மே மாதக் கடைசியில் நீ போன் செய்தாய். "மாமா, அத்தாவக் கண்ணு டாக்டர்ட்ட காட்டுங்க. உங்கள விட்டா எனக்கு அங்கன யாரு இருக்கா" என்றாய். பண்பொழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். என் பைக்கிலேயே கூட்டிப்போனேன். திருமலைக் கோயில் குன்று வெயிலில் பளபளத்தது, அதைக்கூட வழியில் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடச் சொல்லி அவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ரொம்பக் கூட்டம். ஒரு பெண் அவர் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன்.

"ரெண்டு கண்ணுலயும் புரை, நல்லா முத்திருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை காலைல தென்காசிக்கு பஸ் வரும், கூட்டிட்டு வந்துருங்க. அரைமணி நேர வேலைதான், பழையபடி எல்லாம் தெரியும்" என்று தாளைக் கையில் கொடுத்தாள்.

நான் நின்ற கோடிக்கும் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் இடையே இருபதடி இருக்கும். பழையபடி தெரிந்தால் பழையபடி போனில் பார்ப்பார். நான் அந்த நாற்காலிக்கு எதிரே மறுபடியும் தனியாக உட்கார்ந்திருப்பேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்ன சொல்லுதாவ அண்ணாச்சி?"

"சக்கரைல நரம்பு காஞ்சுபோச்சாம் பாய். இனி ஒண்ணும் செய்ய முடியாதாம்."

 "அல்லா நாடுனது" என்றார். வெளியே வரும்போது, "சமீனா உண்டாயிருக்கா. அந்தப் புள்ள மொகத்த மட்டும் ஒருக்கா பாத்திருந்தா..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். சர்க்கரை போடாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தென்காசியில் பெரிய டாக்டர் ஒருவரிடமும் காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேன். நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை. நீ போனில் அழுதாய். நீங்க இல்லன்னா அத்தா என்ன ஆயிருப்பாவ என்றாய். பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாய், நல்ல மகள்தான் நீ.

அஃப்ரின் பிறந்தபோது வீடியோ காலை என் முகத்துக்கு நேராக நீட்டி, "யாரு சாடை அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் சாடைதான், மூக்கு அப்படியே அவருடையது என்று சொன்னேன். உண்மையில் குழந்தைக்கு உன் வீட்டுக்காரர் ஆசிக்கின் மூக்கு. ஆனால் அவர் தன் மூக்கைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வருடா வருடம் முகாம் ஆட்டோ மைக் வைத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் போகும். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். ஒருதடவை அவர் காதில் விழுந்துவிட்டது. "ஒருக்கா போயித்தான் பாப்பமா?" என்றார். நரம்புக்கு அங்கே மருந்து கிடையாது பாய் என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

இந்த ஏப்ரலில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். போட்டியின் ஒன்பதாம் நாள் வலி ஆரம்பித்ததாக அவர் உன்னிடம் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆரம்பித்தது இரண்டாம் நாள். வலது கண் செக்கச் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். "உள்ளுக்குள்ள யாரோ கட்டவெரல வச்சு அமுக்குத மாதிரி இருக்கு. டாக்டர்ட்ட போவமா அண்ணாச்சி?" என்றார்.

டாக்டரிடம் போனால் அது நரம்பு இல்லை, புரை என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? ஃபைனல் முடியட்டும் பாய் என்றேன். வலி மாத்திரை கொடுத்தேன், ஈரத்துணி நனைத்துக் கண்மேல் வைத்தேன். எட்டு நாளும் துணி காயவிடாமல் பார்த்துக்கொண்டேன். அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார், நான் ஆட்டம் சொன்னேன். தாணு போட்டியிலேயே இல்லாமல் போய் இரண்டு வருடமாகிறது. நான் அவனை இரண்டாம் சுற்றுவரை கொண்டுவந்திருந்தேன். அப்போதுதான் நீ சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையோடு வந்து அறைக் கதவைத் திறந்தாய்.

ஆஸ்பத்திரிக்குப் போன காரில் நீ முன்னால் டிரைவர் பக்கத்தில் அஃப்ரினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய். பின்னால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலே இல்லை.

"தாணு இப்ப ஆடல, எனக்குத் தெரியும்" என்றார். "பத்தொம்பது வருசம் பந்து சத்தத்துலயே கெடந்தவன் நான். பழைய ஆட்டம் எது, புது ஆட்டம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் பாய் ஒண்ணும் சொல்லல?"

"நீரு ஆசையா சொல்லுதீரு. அதக் கேக்கத்தான வாரேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த ஒரு வருசம் நான் வரல்லா? நீரு ஒரு போனப் போட்டுக் கூப்பிடுவீருன்னு பாத்தேன். கூப்பிடல. சரி, நாமதான் தொந்தரவு போலன்னு இருந்துட்டேன். கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

வலியில் இருக்கிற மனிதர் மரியாதைக்கு எதையாவது சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். புரை அளவுக்கு மீறி முத்தி, கண்ணில் அழுத்தம் ஏறி, வலது கண் நரம்பு செத்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் என்றால் அரைமணி நேர வேலை, ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இடது கண்ணிலும் அழுத்தம் ஏற ஆரம்பித்திருக்கிறது, அதையும் சர்க்கரையையும் இறக்கித் திங்கட்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போடக் கூடாது, அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார். வலது கண்ணைப் பொறுத்தவரை நான் அன்றைக்கு பண்பொழியில் சொன்னது இப்போது சரியாகிவிட்டது. இதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பண்பொழித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் சாவிப் பலகைக்குப் பின்னால் இருந்தது. உன் அத்தாவுக்குப் பார்வை வரும் என்று தெரிந்தேதான் நான் அவரைக் குருடாக வைத்திருந்தேன். வலிக்கிறது என்று கெஞ்சியபோதும் தெரிந்தேதான் எட்டு நாள் வைத்திருந்தேன். என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை, எனக்கும் அவர்மேல் கிடையாது. எனக்கு அவர் வேண்டியிருந்தது.

நடுவர் பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, நானே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன். அந்த ஆட்டத்தில் ஃபவுலை ஒத்துக்கொண்டவனை வெளியே அனுப்பமாட்டார்கள். நாலு பாயிண்ட் போகும், ஆட்டம் தொடர்ந்து நடக்கும். இது உன் அத்தாவுக்கு நன்றாகத் தெரியும், அவரிடம் படித்துக் காட்டு.

இன்னும் ஒன்றுதான், அம்மா. ஃபைனல் ஞாயிறும் திங்களுமாக இரண்டு நாள் நடக்கும், கோப்பை யாருக்கு என்று தெரிவது திங்கட்கிழமைதான். ஆபரேஷனைச் செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார். நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை நானே கூப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்.

ஆவுடையப்பன்