இரட்டை ஓடைப்பட்டி ஊராட்சி அலுவலகப் பூட்டை உடைத்தது குறித்து

பெயர் செல்வமாரி, வயது 43, கணவர் பெயர் கொம்பையா, மேலத்தெரு, இரட்டை ஓடைப்பட்டி, விளாத்திகுளம் வட்டம். தொழில் விவசாயம். இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் அவர்கள் விசாரிக்கச் சொன்னதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து மிளகாயும் உளுந்தும் விவசாயம் செய்து வருகிறேன். நடந்து முடிந்த ஊராட்சித் தேர்தலில் எங்கள் ஊர்த் தலைவராக நான் ஜெயித்தேன். அலுவலகப் பூட்டை நான் உடைத்ததாக எதிர்த்து நின்ற சௌந்தரபாண்டியன் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்லி என்னை அழைத்தார்கள். உடைத்தது நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஏன் உடைத்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் ஓடை. மழை பெய்தால் இரண்டிலும் தண்ணீர் வந்துவிடும், சுற்றியுள்ள கரிசலில் கால் வைக்க முடியாது, பஸ் வராது, ஊர் தீவாகிவிடும். அதனால் எந்த வழக்காக இருந்தாலும் வெளியே போகாமல் காளியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். தலைவர் பதவியும் அப்படித்தான். பூ யாருக்கு விழுகிறதோ அவர் போட்டியின்றித் தலைவர், மற்றவர் மனுவை வாபஸ் வாங்கிவிட வேண்டும். நான் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்ததிலிருந்து எங்கள் ஊரில் தலைவருக்கு ஓட்டுப்பதிவு நடந்ததே இல்லை.

இந்த முறை நானும் சௌந்தரபாண்டியனும் மனுச் செய்தோம். பூசாரி அழகிரிசாமி வெள்ளைப் பூவை எடுத்தார். வெள்ளை என்றால் சௌந்தரபாண்டியன். எனக்கு வயிறு எரிந்தது உண்மை. இருந்தாலும் அம்மன் சொல்லிவிட்டாள் என்று ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று நல்ல மழை. விடிந்ததும் சேறு ஒட்டாத சரள் மேடு வழியாகச் சுற்றி நடந்தே போய்விடுகிறேன் என்று கிளம்பினேன். சௌந்தரபாண்டியன் விடவில்லை. நான் வாபஸ் வாங்குவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவரும் கூட வந்தார். அவருக்கு நடக்க மனமில்லை.

"தலைவராகப் போறவன் சேத்துல நடந்து போனா ஒன்றியத்துல எவன் மதிப்பான்? டிராக்டர்ல ஏறு தாயி" என்றார்.

"அண்ணாச்சி, ஈரக் கரிசல்ல டிராக்டர இறக்கப்பிடாது. சொன்னா கேளுங்க" என்று நான் சொன்னேன்.

கேட்கவில்லை. கீழ ஓடைக்கு முன்னாலேயே டிராக்டர் அச்சு வரை புதைந்துவிட்டது. அதன் பிறகு இறங்கி நடந்தோம். ஒவ்வொரு காலிலும் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் கனத்துக்குச் சேறு அப்பியது. ஒன்றிய அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது, வாங்க மாட்டோம் என்றார்கள். ஆக, என் மனு வாபஸ் ஆகாமல் நின்றதற்குக் காரணம் நானல்ல. அந்த டிராக்டர் புதைந்த பள்ளம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். தேர்தல் பேருக்கு நடக்கட்டும், எல்லாரும் சௌந்தரபாண்டியனின் கை உருளைச் சின்னத்திலேயே குத்த வேண்டும் என்று முடிவானது. எனக்குச் சீப்புச் சின்னம். நான் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. சீப்பு படம் போட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட அடிக்கவில்லை. கொடுத்த வாக்குக்காக என் ஓட்டையும் கை உருளைக்கே போட்டேன். மறைப்பிலிருந்து வெளியே வந்தபோது என்னைப் பார்த்தவர்கள் யாரும் முகம் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எண்ணிக்கையில் நான் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கொஞ்ச நஞ்ச வித்தியாசம் இல்லை. ஊருக்குத் திரும்பினால் கைதட்ட ஒரு ஆள் இல்லை. பார்த்த இடத்திலெல்லாம் ஒவ்வொருவரும் தாமாக வந்து, சௌந்தரபாண்டியன் வீட்டுப் பக்கம் கை காட்டி, "நான் அவியளுக்குத்தான் போட்டேன், காளி மேல சத்தியம்" என்றார்கள். சத்தியம் செய்தவர்களைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஒரு ஓட்டுகூட விழுந்திருக்க வழியில்லை. என் வீட்டுக்காரரும் சோற்றில் கை வைத்தபடி அதே சத்தியத்தைச் செய்தார். என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. காட்டுக்குப் போவேன், களை எடுக்காமலே திரும்பி வருவேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்துக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாரை நம்புவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே திரிந்தேன்.

அதன் பிறகு மறுபடி ஊர்க்கூட்டம். அம்மன் வாக்கை மீறியதால் நான் பதவியேற்கக் கூடாது, பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும், மறுத்தால் என் வீட்டோடு யாரும் பேசுவதில்லை என்று சௌந்தரபாண்டியன் சொன்னார். நான் எழுந்து, "எனக்குப் போட்டவுக ஒருத்தர், ஒரே ஒருத்தர் கை தூக்குங்க. யாரும் தூக்கலன்னா இப்பமே எழுதித் தாறேன்" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. அவ்வளவு பேரையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. சொன்ன வாக்கை நானே மீறி, எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது தப்பென்றால் தப்புத்தான்.

பதவியேற்பு நாளன்று காலையில் அலுவலகத்துக்குப் போனபோது கதவில் சௌந்தரபாண்டியன் தன் சொந்தப் பூட்டைப் போட்டிருந்தார். ஊரே வந்து கைகட்டி நின்றது. அவர் மனைவி உமாதேவி மதினியும் பின்னால் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி நின்றார். ஒன்றியத்து அதிகாரி முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். கதவு திறக்காவிட்டால் பதவியேற்பு நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவேன் என்றார். நான் ஊரைப் பார்த்து, "ஒரு கடப்பாரை தாங்க" என்று கேட்டேன். யாரும் அசையவில்லை.

அதன் பிறகு என் வீட்டுக் கடப்பாரையை எடுத்து வரலாம் என்று ஓடினேன். அது வைத்த மூலையில் இல்லை. வீடெல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அலுவலக வாசற்படியில் கடப்பாரைகளும் மண்வெட்டிகளும் சுத்தியல்களும் குவிந்து கிடந்தன. என் வீட்டுக் கடப்பாரையும் அதில் கிடந்தது. என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பழையபடி கைகட்டித்தான் நின்றது. யார் எப்போது போட்டார்கள் என்று சௌந்தரபாண்டியன் சத்தம் போட்டுக் கேட்டார். கைக்கு வந்ததை எடுத்து நான் ஒருத்தியே பூட்டை உடைத்தேன். உள்ளே போய்ப் பதவியேற்றுக்கொண்டேன்.

சம்பவ இடத்தில் காவல்துறையினர் கைப்பற்றிய கருவிகளை என்னிடம் காட்டி, யார் யாருடையவை என்று கேட்டார்கள். ஒரே காட்டில் கூடி வேலை செய்கிறவள் நான், பிடியைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். ஆனால் சொல்ல மாட்டேன். புகார்தாரரை அழைத்து அந்தக் குவியலைக் காட்டி அடையாளம் கேட்கவும் வேண்டாம். அதில் கிடக்கும் ஒரு மண்வெட்டியை அவர் பார்த்தால் இன்று ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. பூட்டுக்கான தண்டனை எதுவானாலும் அது என்னோடு போகட்டும்.

மழை விட்டுவிட்டது, காட்டில் வேலை கிடக்கிறது. கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது யாரையும் கையெழுத்துப் போட்டு வாங்கச் சொல்ல வேண்டாம். அலுவலக வாசலில் போட்டுவிட்டு நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டால் போதும். அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கொ. செல்வமாரி
ஊராட்சித் தலைவர், இரட்டை ஓடைப்பட்டி