மூணாவது கயித்துக் கொக்கி

மாதிரிக் கப்பல் மேலருந்து கைய எடுங்க சார். கழட்டாதீங்கன்னு சொல்றேன்ல? போட்டிக்கு மார்க் போடத்தானே வந்தீங்க, போட்டுட்டுப் போங்க.

தப்பா? எது தப்பு? ஆமா, பாய்மரத்த இழுத்துப் புடிக்கிற எல்லாக் கயித்துக்கும் அடியில மூணு ஓட்டை போட்ட மரக்கட்டை. இந்த மூணாவது கயித்துக்கு மட்டும் இரும்புக் கொக்கி. எனக்கும் கண்ணு தெரியுது. பதினோரு கட்டை இழைச்சவனுக்குப் பன்னெண்டாவது இழைக்கத் தெரியாதா? ஒவ்வொண்ணும் மொளகு சைஸு. ஓட்டை போடுறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. சோம்பேறித்தனமாம்! யாரப் பாத்து?

புத்தகத்துல அப்படித்தான் படம் போட்டிருக்கா? இருக்கட்டும். புத்தகம் எழுதுனவன் இதோட நெசக் கப்பல்ல ஏறுனானா? நான் ஒம்பது வருஷம் அதுல கயிறு கட்டுனவன் சார். எங்கிட்டயே வந்து சரித்திரப் பிழைங்கிறீங்க. வாயில நல்லா வருது, வேணாம்.

என்னது, பத்து மணிக்குள்ள மாத்தலன்னா மேசையிலருந்து எடுத்துருவீங்களா? எடுத்துத்தான் பாருங்களேன்! பத்து மணிக்கு என் தங்கச்சி வரா. அவ பாக்கணும்னுதான் இத்தன பாடும். உங்க பரிசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.

சரி, கேட்டுக்கங்க. நடுக்கடல்ல அந்தக் கட்டை ரெண்டாப் பொளந்துச்சு. புதுசு இழைக்க அரை நாள் ஆகும். சரக்குத் தூக்குற பழைய கொக்கி ஒண்ணு கெடந்துச்சு, அத மாட்டியாச்சு. கரைக்குப் போய் மாத்திக்கலாம்னு. கரைக்கும் போனோம், மாத்தல. மறந்தே போச்சு. அடுத்த நடையில காத்து எழும்புச்சு. பாயச் சுருட்ட மாப்பிள்ளை அந்தக் கயித்து வழியா ஏறுனாரு. மாப்பிள்ளைன்னா தங்கச்சி புருஷன். கொக்கி நிமிந்துருச்சு.

கால் வழுக்கி விழுந்துட்டாருன்னு அவகிட்டச் சொன்னேன். பாத்து ஏறக் கூடாதா, அப்படி என்ன அவசரம்னு செத்த மனுஷனத் திட்டுறா சார். ஆறு வருஷமாத் திட்டுறா. நானும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருக்கேன்.

மாட்டுனது யாருன்னா கேக்குறீங்க? அந்தக் கப்பல்ல கயிறு கட்டுறவன் நான் ஒருத்தன்தானே.

அவளுக்குக் கப்பலப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது இது மட்டும் ஏண்ணே வேறன்னு கேப்பா. கேக்காம விடமாட்டா. கேட்டா சொல்லிருவேன். நானா ஆரம்பிக்க வாய் வரமாட்டேங்குது சார்.