நீல நாக்கு

"வெறும் முட்டாயிதான்னு டாக்டரு சொன்னப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சுக்கா."

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பீங்கான் பொம்மைக்குக் கலர் பூசும் பெண்கள் இருவர். சின்னவள்தான் சொன்னாள். இரண்டு பேர் நகக்கண்ணிலும் இன்னும் கழுவாத நீலம்.

"பாப்பாவுக்கு என்னடி ஆச்சு?"

"நேத்து சாயங்காலம் பாத்தா நாக்கெல்லாம் ஒரே நீலம். என் வேலைப் பொடவையில இருந்த கலர்ப்பொடிய நக்கிட்டாளோன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். டாக்டரு அவ தோள்ல மாட்டியிருந்த ஸ்கூலு பையத் தொறக்கச் சொன்னாரு. உள்ள முட்டாயி பாக்கெட்டு."

"என்ன ஏதுன்னு சொல்லாம, வேலையே வேணாம்னு போன்ல அழுதியே?"

"வேலைய வுடச் சொல்லலக்கா. அந்த முட்டாயத்தான் வுடச் சொன்னாரு."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"நாக்கு சரியாயிடுச்சா?"

"காலையில கூட லேசா இருந்துச்சு. நம்ம கலராவது சோப்பு போட்டா போயிடுது."

பெரியவள் தன் நகத்தைப் பார்த்தாள். "நம்ம கலர் டப்பாவுல மண்டையோடு படம் போட்டிருக்கான். முட்டாயி பாக்கெட்டுல என்னடி போட்டிருந்தான்?"

"பொம்மைக்கா. நாக்க நீட்டிக்கிட்டுச் சிரிக்குது."