வாசலில் கிடக்கும் செருப்பு

— ஒத்தைக் காலுக்கு மட்டும் எப்படிக்கா செருப்பு பண்றது? ஜோடியாத்தான் தருவோம்.

— ஜோடியாவே குடு தம்பி, வேணாம்னா சொல்றேன்? ஆனா இந்த வலது கால் செருப்பு இருக்குது பாரு, அச்சா இதே மாதிரி இருக்கணும். பளபளன்னு இருக்கக் கூடாது. பாத்தா ஒரே வயசுன்னு தெரியணும்.

— இடது இன்னாச்சு?

— நாய் கவ்விட்டுப் போய்ட்டுது, முந்தாநேத்து. ஆம்பூர் பூரா தேடிட்டேன், பாலாத்தங்கரை வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்.

— சம்பூர்ணக்கா, பதினோரு வருஷமா வர்றீங்க, உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா? சார் வரணும், இந்த ஸ்டூல்ல உக்காரணும், நான் காலைத் தொட்டுப் பாக்கணும். சக்கரை வியாதிக் காலு. நான்பாட்டுக்குக் குடுத்துட்டு நாளைக்கு ஒண்ணுன்னா, இந்த ஜெபராஜைத்தான் ஆஸ்பத்திரில நிக்க வெச்சிக் கேப்பாங்க.

— அவருக்கு ஜொரம் தம்பி. வீட்ல படுத்திருக்காரு.

— வீட்லயா?

— பின்ன? ஜொரம்னா வீட்ல படுக்காம எங்க படுப்பாங்க? அதோ மேல் பலகையில அவரு கால் அச்சு இருக்குதே, சுந்தரமூர்த்தின்னு எழுதி. அதை வெச்சிப் பண்ணு.

— அந்த வலதைக் குடுங்க இப்படி. இது நான் போன ஜூலைல குடுத்தது.

— ஆமா.

— மேல வெயில்ல வெளுத்துப் போயிருக்குது. மழைல வாரு வெரைச்சிப் போச்சு. ஆனா அடியில போட்ட கோடு அப்படியே இருக்குது. பத்து நாள்கூட யாரும் இதைப் போட்டு நடக்கலக்கா.

— செத்துட்டாரு தம்பி.

— எப்போ?

— அதே ஆடியில. நெஞ்சு வலி. இன்னா, நீ ஒண்ணுமே கேக்க மாட்டேன்ற? கம்பெனில எல்லாரும் எங்க, எப்படின்னு தொளைச்சி எடுத்தாங்க.

— கேட்டு இன்னா ஆவப்போவுது. செருப்பு எதுக்குக்கா, அதைச் சொல்லுங்க.

— அப்புறம் வீடு மாத்திட்டேன். புது எடம், மாடி வீடு, நான் ஒருத்தி. புருஷனுக்கு உடம்பு சரியில்ல, ஜாஸ்தி வெளிய வரமாட்டாருன்னு சொல்லித்தான் குடி போனேன். வாசல்ல இந்தச் செருப்பு கெடந்தா ஆம்பளை இருக்கற வீடு. தினம் கம்பெனிக்குக் கெளம்பறப்போ திருப்பி வெப்பேன். ஒரு நாள் வீட்டைப் பாத்து, ஒரு நாள் தெருவைப் பாத்து. கொஞ்சம் மண்ணு தடவுவேன். கதவைச் சாத்தும்போது, "மாத்திரை போட்டுக்குங்க"ன்னு சத்தமா சொல்வேன்.

— யார்கிட்ட?

— காலி வீட்டுகிட்ட. மொதல்ல நடிப்பாத்தான் இருந்துது. இப்பல்லாம் பதில் வரலன்னா கோவம் வருது தம்பி.

— ஆண்டவரே.

— கீழ் வீட்ல காசிநாதன்னு ஒருத்தன். ஒத்தைச் செருப்பைப் பாத்துட்டு, "இன்னா, சாரு நொண்டி அடிச்சிக்கினா போனாரு?"ன்னு சிரிக்கறான். நேத்து மத்தியானம் தண்ணி கேக்கற மாதிரி வந்து, வாசப்படி தாண்டி உள்ள நின்னுட்டான். பக்கத்து வீட்டு சைரா குரல் குடுக்கலன்னா போயிருக்க மாட்டான்.

— பேஜாரான ஆளா இருக்கானே. பஜார்ல ஏதாச்சும் ஆம்பளைச் செருப்பு வாங்கிப் போடலாமில்ல?

— நல்லா சொன்ன. இந்தத் தடிச்ச அடியும் பின்னால வாரும் எல்லாருக்கும் தெரியும். வேற செருப்பு கெடந்தா வேற ஆம்பளைன்னுதான் பேசுவானுங்க.

— அதுவும் சரிதான்.

— இருவது வருஷமா ஷூ கம்பெனில இருக்கற, நீயே பண்ணிக்கயேன்னு கேட்றாத. நான் மேல்தோல் தைக்கறவ. அடி ஒட்டறது வேற செக்‌ஷன்.

— சரி, உக்காருங்க. டாக்டர் சீட்டு இல்லாம பண்ணித் தர்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பழைய தோலு ஒண்ணு கெடக்குது, வெளுத்தது. இடதை அதுல போட்டுடலாம். ரெண்டுக்கும் அடியை மெஷின்ல தேய்ச்சிக் குடுக்கறேன், நடந்த மாதிரி.

— வெளிப்பக்கம் ஜாஸ்தி தேய். கட்டை வெரலு எடுத்ததுல இருந்து அவரு அப்படித்தான் சாஞ்சி நடப்பாரு.

— தெரியும்க்கா.

— இன்னொண்ணு. அந்த அச்சை எனக்குக் குடுத்துடு.

— அச்சா? அது எதுக்கு?

— செருப்புக்குள்ள வெச்சா வாரு தொங்காது.

— அதுக்குப் பேப்பரைச் சுருட்டி வெச்சாப் போதுமே.

— குடு தம்பி. பதினோரு வருஷம் அந்தக் காலைக் கழுவித் தொடச்சி, புண்ணுக்கு மருந்து வெச்சிக் கட்டுனவ நானு. எங்க மேடு, எங்க பள்ளம்னு கண்ணை மூடிக்கினு சொல்வேன். மாவுக்கட்டுல செஞ்சதுன்னாலும் அப்படியே அவரு காலு.

— தர முடியாதுக்கா.

— செத்தவரு அச்சு உனக்கு எதுக்கு?

— அக்கா… எப்படிச் சொல்றதுன்னு தெரியல. போன வெள்ளிக்கிழமை சார் வந்திருந்தாரு. நீங்க உக்காந்திருக்கற இதே ஸ்டூல்லதான் உக்காந்தாரு. இப்போ அவரு கூட இருக்கற அந்தம்மாவும் வந்திருந்தாங்க. புது ஜோடிக்கு அளவு குடுத்துட்டுப் போயிருக்காரு.

— அப்போ மொதல்லேர்ந்தே உனக்குத் தெரியும்.

— தெரியும்.

— விட்டுட்டுப் போய்ட்டாருன்னு சொல்ல வாய் வரல தம்பி. செத்துட்டாருன்னா நாலு பேரு பாவம்னாச்சும் சொல்வாங்க.

— அழாதீங்கக்கா. அழாதீங்க. செருப்பு வியாழக்கிழமை ரெடி ஆயிடும்.

— தம்பி…

— சொல்லுங்கக்கா.

— அந்தப் புண்ணு ஆறிடுச்சா?