சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று

என் பெயர் சர்விதி. தகப்பனார் பெயர் மர்தோயோ. வயது 57. கிழக்கு ஜாவா, கெடுங்லெகி சர்க்கரை ஆலைக் குடியிருப்பு, நான்காம் வரிசை, ஒன்பதாம் எண் வீட்டில் வசிக்கிறேன். அதே ஆலையில் முதல் அரவை நீராவி இயந்திரத்தை முப்பத்தோரு வருடங்களாக ஓட்டி வருகிறேன். ஆலை மேலாளர் ஹெந்த்ரார்தோ கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டுக் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எங்கள் இயந்திரம் டச்சுக்காரர் காலத்தது. அதன் பெரிய சக்கரம் மூன்று ஆள் உயரம், அதில் பாதி குழிக்குள் இருக்கும். நீராவி வால்வின் பக்கம் நிற்பவனுக்குக் குழி தெரியாது. அதனால் ஒவ்வொரு பருவமும் முதல் நீராவி விடுவதற்குச் சற்று முன் ஆறு பேர் இரும்புக் கம்பி போட்டு நெம்பி, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சிலிண்டரில் தண்ணீர் தங்கியிருந்தாலும், குழியில் ஆள் இருந்தாலும், அப்போது தெரிந்துவிடும். இது எங்கும் எழுதி வைத்த விதி அல்ல. ஆனால் நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

கடந்த மே மாதம் எட்டாம் தேதி காலை, அரவைப் பருவத்தைத் தொடங்கி வைக்கும் கரும்புக் கல்யாணம். மாப்பிள்ளைக் கரும்புக்கும் பெண் கரும்புக்கும் பட்டு கட்டி, கமெலான் மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, முதல் ஜோடியாக அரவையில் விடுவது வழக்கம். இயந்திரத்துக்குரிய படையலைச் சக்கரக் குழி ஓரம் வைப்போம். இந்த வருடம் மேலாளர், புகைப்படத்தில் நன்றாக விழும் என்று சொல்லி, படையலை மாவட்டத் தலைவர் உட்காரும் விருந்தினர் பந்தலுக்கு மாற்றிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஊர்வலம் வந்து சேரத் தாமதமானது. பத்தேகால் மணிக்கு மேலாளர் இயந்திர அறைக்கு வந்து, மாவட்டத் தலைவர் பத்தரைக்குக் கிளம்புகிறார், உடனே நீராவி விடு என்றார். இன்னும் கையால் சுற்றவில்லை என்றேன்.

"அதான் நேத்தே சுத்தினீங்களேய்யா!"

"அது நேத்து சார்."

"கிழட்டு மெஷினுக்குப் பல்லக்கு வேற தூக்கணுமா? தள்ளுய்யா, நானே திறக்கறேன்."

அதன் பிறகு அவர் வால்வை நோக்கிக் கை நீட்டினார். நான் அவர் மேல் கை வைக்கவில்லை. வால்வுக்கு முன்னால் மறித்து நின்றபடியே இடுப்பிலிருந்த ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, வால்வின் கைப்பிடிச் சக்கரத்தை உருவி, ஜன்னல் வழியாகக் குளிர்விக்கும் குளத்தில் வீசினேன். அது ஆலையின் சொத்து என்பது எனக்குத் தெரியும். மூன்றாவது தூணுக்கு நேரே, ஏழடி ஆழத்தில் கிடக்கிறது. அனுமதி கொடுத்தால் நானே மூழ்கி எடுத்துத் தருவேன்.

அதன் பிறகு மேலாளர், கைப்பிடி இல்லாத வால்வைத் திருகப் பைப் ரெஞ்ச் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த இடைவெளியில் நான் கூப்பிட்டதும் ஆறு பேரும் கம்பியோடு வந்தார்கள். ஒரு சாண் சுற்றியிருப்போம். கம்பி என் கையில் டக் டக் என்று அதிர்ந்தது. மேளச் சத்தத்தில் காதில் ஒன்றும் விழவில்லை. "நிறுத்துங்கடா!" என்று கத்திவிட்டு நான் குழியை எட்டிப் பார்த்தேன்.

எண்ணெய் விடும் கஸ்னான் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, ஸ்பேனரால் சக்கர விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். பந்தலுக்குப் போன படையல் இயந்திரத்துக்குச் சேராது என்று அவனுக்கு மனசு ஆறவில்லையாம். யாரிடமும் சொல்லாமல் வாழை இலையில் பூவும் சோறும் வைக்க இறங்கியிருக்கிறான். தலையெல்லாம் பூவிதழோடு மேலே வந்து என்னிடம் கேட்டான்:

"என்னண்ணே, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டீங்க? சாம்பிராணி இன்னும் பத்தவைக்கவே இல்ல."

ஓங்கி ஓர் அறை விட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழக்குப் போடுவதானால் அவன் வந்து போடட்டும். அதன் பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மேலாளர் சுவரைப் பிடித்தபடி நின்றார். பிறகு முழுச் சுற்றும் சுற்றி முடித்து, பைப் ரெஞ்சால் வால்வைத் திறந்து, பதினொன்றே முக்காலுக்கு இயந்திரத்தை ஓட்டினேன். ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடியது. கல்யாண ஜோடியும் அரவைக்குள் போனது. மாவட்டத் தலைவர்தான் அதற்குள் போய்விட்டிருந்தார்.

இன்று காலை இந்தப் போலீஸ் நிலையத்தில் வைத்து மேலாளர் என்னிடம் தணிவாகப் பேசினார். "உள்ள கஸ்னான் இருக்கான்னு தெரிஞ்சுதான் கழட்டினேன்னு சொல்லிடுங்க. புகாரை வாபஸ் வாங்கிடறேன், உங்களுக்குப் பாராட்டுப் பத்திரமும் உண்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அன்று அவசரப்பட்டார். எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரியும், "அப்படியே போட்டுடலாமே பெரியவரே, வேலையும் போகாது" என்றார்.

எனக்கு வேலை வேண்டும். ஓய்வுக்கு இன்னும் மூன்று பருவம் இருக்கிறது. ஆனால் கஸ்னான் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் சுற்றச் சொன்னேன். தெரிந்து செய்தேன் என்று இன்று நான் எழுதிக் கொடுத்தால், எனக்குப் பின் அந்த வால்வருகே நிற்பவன், ஆள் இருப்பது தெரிந்தால் மட்டும் சுற்றினால் போதும் என்று எடுத்துக்கொள்வான். குளத்தில் வீசியதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

நான் சொன்னதை அதிகாரி எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். 'தெரியாது' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு, விரல் வைத்துப் பார்த்த பிறகு, என் சொந்தச் சம்மதத்தில் இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சர்விதி