சீனி கூட்டின செய்தி

தாராவி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், பக்கத்தில் நின்ற இளையவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “இந்த மாசத்துல இருந்து சர்க்கார் ரேஷன் சீனி அளவைக் கூட்டிட்டுன்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லிராத, தாயி.”

“ஏன்க்கா?”

“தொந்தி ஸ்டியரிங்ல இடிக்கு, இறங்கலேன்னா பஸ் ஓட்ட முடியாதுன்னு டிப்போ டாக்டர் சொல்லியிருந்தாருல்லா? போன வருசம் சர்க்கார் சீனியைக் குறைச்ச பொறவுதான் இறங்குச்சு. நேத்து மெடிக்கல்ல பாஸாயிட்டாக. வேலை தப்பிச்சிட்டு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.”

“வீட்டுல நீங்களே முன்னாடி குறைச்சிருக்கலாம்லா?”

“குறைக்காமலா இருந்தேன்! டீயில சீனி எங்கட்டின்னு என்னைத்தான் ஏசுவாக. இப்ப சர்க்காரை ஏசிக்கிட்டே குடிச்சிருதாக.”