வெளுத்த பிளக்

நான் நாற்காலியில் அதிக நேரம் உட்கார முடியாதவன், ஐயா. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். உட்காரச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ஜன்னல்வரை நடந்து திரும்பிக்கொண்டு சொன்னால்தான் எனக்குப் பேச்சு கோர்வையாக வரும். ஓடிவிடுவேனோ என்று வாசலில் நிற்கும் சீக்கியப் போலீஸ்காரர் கவலைப்பட வேண்டாம். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ராமதாஸ் ஐயா, நான் சொல்வதை நீங்கள் துரைக்கு இங்கிலீஷில் சொல்லும்போது எதையும் சுருக்கிவிடாதீர்கள். அது ஒன்றுதான் நான் கேட்டுக்கொள்வது.

பெயர் ஹபீப் முகம்மது. சுங்கை பினாங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் வண்டி பழுது பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிளக்கைப் பார்த்து எஞ்சினின் கதையைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான்.

துரைக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிளக் என்பது எஞ்சின் தலையில் திருகியிருக்கும் சின்னச் சாமான். அதன் நுனியில் பொறி தெறித்துத்தான் பெட்ரோல் எரிகிறது. நெருப்பிலேயே குடியிருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் அதன் பீங்கானில் நிறமாகப் படிந்துவிடும். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் வழிந்தால் உள்ளே வளையம் தேய்ந்துவிட்டது. பிஸ்கட் நிறமாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் பயப்பட வேண்டும். பெட்ரோல் போதாமல் காற்று கூடி, எஞ்சின் தாங்க முடியாத சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிடும்.

பிளக்கைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நேரான சாலையில் முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து வண்டியை உருளவிட வேண்டும். நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். ஆடி அசைந்து வந்து கழற்றினால் பிளக் பொய் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டறை வாசலில் ஆள் நிற்க இடமிருக்காது. சீனர்கள் வருவார்கள், மலாய்க்காரர்கள் வருவார்கள், தோட்டத்துத் துரைமார்கூட வருவார்கள். பிளக்கை வெயிலில் பிடித்து ஒரு வார்த்தை சொல்வேன். அதற்குப் பிறகு எஞ்சினைத் திறந்து பார்த்தால் நான் சொன்னபடியே இருக்கும். எனக்கு மனைவி, பிள்ளை கிடையாது. பட்டறைகூட வாடகை இடம்தான். எனக்கென்று இருந்தது அந்தப் பேர் மட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. எதைக் காப்பாற்ற இதைச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

விநாசித்தம்பி அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சர்க்கார் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து ஐந்நூறு சி.சி. வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். வண்டியை அப்படி அருமையாக வைத்திருந்தார். ஏற்கெனவே கூட்டம் நெரிந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டிவிட்டு வாருங்கள் என்று நான் அவரை அனுப்பவில்லை. நின்ற வண்டியிலிருந்தே பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் பால்போல வெளுத்திருந்தது.

"தம்பி, இந்த வண்டி வெந்துபோச்சு. இந்த மாசம் தாண்டாது. உள்ள ஒட்டிக்கிட்டு உங்களத் தூக்கி அடிச்சிடும். இதுல ஏறாதீங்க," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்பிடியோ அண்ணை? ஓட்டம் நல்லாத்தானே இருக்குது. பார்ப்பம்," என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த வண்டி என் பட்டறையைத் தாண்டிப் போனது. எஞ்சின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாளும் போனது. காலையில் ஆபீசுக்கு ஒரு தரம், சாயங்காலம் திரும்பி ஒரு தரம். அது வருகிற நேரம் நெருங்கினால் என் கையில் ஸ்பானர் நிற்காது. செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், மறுபடியும் வருவேன். வண்டி போன பிறகும் தெருக்கோடி திரும்பும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். தொழுகைக்கு நின்றாலும் அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது.

எதிரே வாடகைக் கார் நிறுத்துகிற தங்கராஜு இதைக் கவனித்துவிட்டான். எனக்கு வேண்டியவன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "நானா, உங்க மையத்து போகுது பாருங்கலா!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்துவான். நானா என்பது என்னைத்தான், அண்ணன் என்கிற மாதிரி; மையத்து என்றால் எங்கள் பேச்சில் பிணம். டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். மாதம் முடிய நாள் குறையக் குறைய அந்தச் சிரிப்பும் பெரிதானது. என்னிடமே வந்துகொண்டிருந்த ஒரு சீனப் பையன் பிளக்கை வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் நானே விநாசித்தம்பியின் வீட்டுக்குப் போனேன். வண்டியை வெளியே எடுக்கச் சொல்லி, நானே ஓட்டி, முறைப்படி அணைத்து, பிளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம். பிள்ளையாட்டம் சுகமாக இருக்கிற எஞ்சின்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. அண்டைக்கு நீங்கள் பாத்தது இவ தேய்ச்ச பிளக். நான் கழட்டிப் பிரிச்சு வைச்சிருந்தன். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு மினுக்கேக்கை இவ இதையும் எடுத்துச் சாம்பல் போட்டு மினுக்கிப்போட்டா. எனக்கே பிறகுதான் தெரியும்."

அவர் மனைவி யோகம்மா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கரியாக் கிடந்தது அண்ணை. ஊத்தையெண்டு நினைச்சுப்போட்டன்," என்றார்.

"நீங்கள் யோசியாதேங்கோ. ஆக்களுக்கு முன்னாலை உங்களுக்கு ஒரு குறை வரக்கூடாதெண்டுதான் நான் திரும்பி வரேல்லை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றார் விநாசித்தம்பி.

நல்ல மனிதர், ஐயா. அவர் என்னைக் கேலி செய்திருந்தால் நான் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் எனக்காக மறைத்தார். என் பேர் என் கையை விட்டுப் போய் அவருடைய இரக்கத்தில் இருந்தது. அவர் என்றாவது மறந்துபோய் ஆபீசில் சொல்லிச் சிரித்தால் அன்றோடு முடிந்தது. அந்த அம்மா கிணற்றடியில் சொன்னாலும் முடிந்தது. யோகம்மா கொடுத்த காப்பியைக் குடித்தேன். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் வீடு வந்த பிறகும் அடங்கவில்லை.

காப்பி குடிக்கும்போதுதான் அவர் சொன்னார், வருகிற ஞாயிறு கடலுக்கு அந்தக் கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவதாக. யோகம்மாவை ரயிலில் அனுப்பிவிட்டு அவர் மட்டும் வண்டியில் போவதாக இருந்தார்.

"எதுக்கு தம்பி தனித்தனியா? பின்னால உக்கார வச்சே கூட்டிட்டுப் போங்க. வண்டிய நாளைக்கு எங்கிட்ட விடுங்க, நான் ஒரு தரம் சுத்தம் பண்ணித் தாரேன். நான் சொன்ன தப்புக்கு அதையாவது செய்யணும்ல," என்றேன்.

இரண்டு பேர் பாரம் என்றால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சனிக்கிழமை அவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் போவதற்கு ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, நடுவே ஊசித்துளை. அதைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னத் துளை உள்ளதைப் போட்டேன். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து ஓட்டும்போதுதான் அந்தத் துளை வழியே போகிற பெட்ரோல் போதாமல் போகும். வேலையைச் சுத்தமாகவே செய்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நடுவில் வாசலுக்குப் போகாமல் ஒரு வேலையை முடித்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன்: "பட்டர்வொர்த் தாண்டினா சடக்கு நேராக் கெடக்கும் தம்பி. அங்க முழுசாத் தெறந்து ஓட்டுங்க. ஆறாவது மைல் கல்லுல எஞ்சின அணைச்சு நிறுத்துங்க. நான் தங்கராஜு கார்ல பின்னாலயே வாரேன். பிளக்கத் தங்கராஜு முன்னாலயே கழட்டி, வண்டி நல்லா இருக்குன்னு நானே சொல்லிடுறேன். நடுவுல எஞ்சின் கடகடன்னு சத்தம் போட்டா நிறுத்திடாதீங்க. கரி தெளியுற சத்தம் அது."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் தோற்றதை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்பதற்காக அல்ல. எனக்கு மனக்கஷ்டம் தீர்ந்ததே என்று சந்தோஷம்.

கடகடவென்று வருவது எஞ்சின் சாகப்போகிற சத்தம். அப்போது கையைத் தளர்த்தினால் ஒருவேளை தப்பிக்கலாம். அதனால்தான் நிறுத்தாதீர்கள் என்றேன்.

ஞாயிறு காலை பெர்ரியில் எல்லோரும் ஒன்றாகவே கடல் தாண்டினோம். யோகம்மா கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார். எனக்கும் தங்கராஜுவுக்கும் கொடுத்தார். நான் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பெர்ரியின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தேன். "ஏன் நானா, கோழி மாதிரி சுத்துறீங்க? தோத்தாத் தோத்ததுதான்லா, ஒக்காருங்க," என்றான் தங்கராஜு.

கரையேறியதும் அவர்கள் முன்னால் போனார்கள். காலையில் பெய்த தூறலில் சாலை லேசாக நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் வயல். நேர்ச்சாலை வந்ததும் அவர் முழுசாகத் திறந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே தூரம் கூடியது. தங்கராஜுவும் காரை விரட்டினான். நான் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது மைல் தாண்டியதும் அந்தச் சத்தம் காற்றில் வந்தது. அவர் நிறுத்தவில்லை. என் சொல்லை அவர் அவ்வளவு நம்பினார்.

பிறகு சத்தம் நின்றது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சாலையில் கறுப்பாகக் கோடு இழுத்தது. அவர் மதகுக் கல்லில் போய் விழுந்தார். அந்த அம்மாவை வயல் சேற்றில் எறிந்துவிட்டது. கார் நிற்பதற்குள்ளேயே தங்கராஜு கதவைத் திறந்து குதித்து ஓடினான்.

நானும் ஓடினேன், ஐயா. வண்டியிடம் ஓடினேன். ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். கைக்குட்டையைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் பிஸ்டன் உருகிய துளிகள் மின்னின. இவ்வளவு தெளிவான பிளக்கை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

"தங்கராஜு, இங்க வந்து பாரு. வெளுத்திருக்கு பாரு," என்று கூப்பிட்டேன். அவன் விநாசித்தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், ஆனால் எழுந்து வரவில்லை. பிறகு இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். அவர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

இதையெல்லாம் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நான் இங்கே வந்ததற்குக் காரணம் நீங்கள் எழுதிய அறிக்கைதான். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கி விழுந்து மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேப்பரிலும் அப்படியே வந்திருக்கிறது. டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, பாவம், மழையால் வந்த வினை என்று பேசிக்கொள்கிறார்கள். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. நடந்தேன், நடந்தேன், கால் இங்கே கொண்டுவந்து விட்டது. அது தவறான அறிக்கை, ஐயா. வண்டி வழுக்கவில்லை. எஞ்சின் சூட்டில் ஒட்டிக்கொண்டது. அதை ஒட்ட வைத்தது நான். ஜெட்டை மாற்றியது நான், நிறுத்தாதே என்றது நான், அவரைக் கொன்றது நான். அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

இதோ, இதுதான் அந்தப் பிளக். மேஜைமேல் வைக்கிறேன், துரை கையால் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கராஜு இன்னும் இதைப் பார்க்கவில்லை. அவனை இங்கே ஒரு தரம் வரவழையுங்கள், ராமதாஸ் ஐயா. இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நானா சொன்னது சரிதான் என்று அவன் வாயால் சொல்லட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.